மூட்டு வலியும் இருதயமும்

இம்முறை விடுமுறைக் கால ரயில் முன்பதிவைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்குமாறு வேண்டிக்கொண்டேன். காரணம், எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு சம்பவம். அது பிற வீடுகளிலும் நேரக்கூடும் என்பதனாலேயே இங்கே எழுதத் துணிகிறேன்.

நான் வைத்தியனல்லன். பத்தாம் வகுப்புத் தேறியவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை நியமனத்தில் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆகையால் கீழே வரும் வைத்தியச் செய்திகள் டாக்டர்கள் பொறுமையுடன் எனக்கு விளக்கியவையும், பின்னர் நானே தேடிப் படித்து அவர்களிடம் சரிபார்த்துக்கொண்டவையுமே ஆகும்.

என் அக்காளுக்கு வயது 44. எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கடைசிக் குழந்தை பிறந்த மறு ஆண்டிலிருந்தே அவளுக்குக் கைவிரல் மூட்டுகளில் வலி. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கா; தோசை மாவைக் கலக்கக்கூட ஒன்பது மணி ஆகவேண்டும். ஊருக்குப் போயிருந்த சமயம் பெரிய வைத்தியர் ஒருவரிடம் காட்டியதில், இது முடக்குவாதம், ஆங்கில வைத்தியத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லி மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். சில காலம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். பிறகு அந்த மாத்திரையால் தலைமுடி கொட்டும் என்று யாரோ சொல்ல, நிறுத்திவிட்டாள். வலி மிகும்போதெல்லாம் முனைக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையே துணையாயிற்று. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

சென்ற மழைக்காலத்தில் அவளுக்குக் கால் வீங்கிற்று. "மூட்டு நோய்க்காரிக்குக் கால் வீங்காமல் வேறென்ன செய்யும்?" என்று அவளே சொல்லிக்கொண்டாள். மாடிப்படி ஏறுவதை விட்டாள். அதற்கும் முழங்கால் வலியே காரணமாயிற்று. இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுத்தாள்; பின்னர் மூன்று. ஒரு நாள் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். அன்று எனக்கு இரவுப் பணி. அத்தானும் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவில் அழைத்துக்கொண்டு ஓடினான். நல்ல பிள்ளை, அவன் இல்லாவிடில் இக்கட்டுரையே இல்லை.

ஆனால் அங்கேதான், வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கென்றே அமைந்த ஒரு சங்கடம் நேர்ந்தது. டாக்டர் முன்பு ஏதேனும் நோய் உண்டா என்று கேட்டார். "எனக்குப் பத்து வருஷமா வாதம்" என்றாள் அக்காள். தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் வாதம் என்றால் அவனுக்குத் தெரிந்தது பக்கவாதம் ஒன்றுதான். எனவே 'லக்வா' என்று இந்தியில் மொழிபெயர்த்துவிட்டான். லக்வா என்பது கைகால் இழுத்துக்கொள்ளும் நோய். டாக்டரும் கையைத் தூக்கு, காலைத் தூக்கு, நாக்கை நீட்டு என்று சோதித்திருக்கிறார். வீங்கிய விரல்களோடு கையைத் தூக்க அவளால் இயலவில்லை. அது சந்தேகத்தை வலுப்படுத்திற்று. கொஞ்ச நேரம் இப்படி வீணானபின், மூத்த டாக்டர் ஒருவர் விரல்களின் கோணலைப் பார்த்து, "இது லக்வா அன்று, கட்டியா" என்று கண்டுகொண்டாராம்.

நம் சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். மூட்டுவாதத்திற்கு இந்தியில் கட்டியா என்பர். மராட்டியில் சந்திவாத் என்பது பொதுப்பெயர். ஆம்வாத் என்றும் சொல்வர். வங்காளத்தில் 'பாத்' என்றால் மூட்டுவாதமே. தமிழில் மாத்திரம் நாம் முடக்குவாதத்தையும் பக்கவாதத்தையும் வாதம் என்ற ஒரே சொல்லால் சுருக்கிவிடுகிறோம். இன்னொரு குழப்பமும் உண்டு. குழந்தைப் பருவத்தில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமட்டிக் காய்ச்சல் என்பது வேறு. அது இருதய வால்வுகளைக் கெடுப்பது; அதற்குப் பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் போடுவர். பெயர் ஒத்திருப்பதால் ருமட்டாய்டு நோயும் அதுவும் ஒன்றென்று கருதுவோர் பலர்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அக்காளுக்குப் பிராணவாயு வைத்திருந்தார்கள். சிறுநீர் பிரியும் ஊசி போட்டிருந்தார்கள். இருதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ சோதனையும் முடிந்திருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருவர் என்னிடம், "இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்றார். "சும்மா வலி மாத்திரைதான்" என்று அக்காள் கட்டிலிலிருந்தே பதில் சொன்னாள். நான் வீட்டுக்கு ஓடி, அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவை அப்படியே கொண்டுவந்து கொட்டினேன். டைக்ளோபெனாக் பட்டைகள் பல. பிரெட்னிசலோன் என்னும் ஸ்டிராய்டு மாத்திரைகள், பாதி தீர்ந்தவை. சந்தையில் வாங்கிய, பெயரே இல்லாத ஒரு சூரணப் பொட்டலம். அடியில், பிரிக்கப்படாமல் காலாவதியான மெத்தோட்ரெக்சேட் பட்டைகள் நான்கு. டாக்டரம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கடிந்துகொள்ளாமல் அவற்றை வரிசையாக அடுக்கினார். அந்த மௌனத்தைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

பின்னர் அவர் விளக்கிய செய்தி இது. நம் உடலில் நோய்க்கிருமிகளைத் தாக்குவதற்கென்று ஒரு காவற்படை உளது. சிலருக்கு அது எதிரி யார், சொந்த ஆள் யார் என்ற அடையாளம் தடுமாறி, உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. என் தொழிலின் பாஷையில் சொன்னால், முறையான பாஸ் வைத்திருக்கும் பிரயாணியை டிக்கெட் பரிசோதகர் வண்டியிலிருந்து இறக்கிவிடுவது போல. உறுப்புகளைத் தாங்கியும் பிணைத்தும் நிற்கும் இணைப்புத் திசுவையும் மூட்டுகளையும் இவ்வாறு தாக்கும் நோய்கள் ஒரு குடும்பம். முடக்குவாதம், லூபஸ், தோல் தடித்து இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா ஆகியவை அக்குடும்பத்தில் முக்கியமானவை. இணைப்புத் திசு உடலில் எங்கும் பரவியிருக்கிறது. மூட்டிலும் உண்டு, தோலிலும் உண்டு, சிறுநீரகத்திலும் உண்டு, இருதயத்திலும் உண்டு. எனவே விரலில் தெரிகிற நோய் விரலோடு நின்றுவிடுவதில்லை.

இருதயத்தை இந்நோய்கள் தொடும் வழிகள் பல. இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி உண்டாகி நீர் கோத்துக்கொள்ளலாம். தசை அழன்று தளரலாம். வால்வுகளில் சிறு முடிச்சுகள் தோன்றலாம். லூபஸ் நோயில் காணும் இவ்வகை முடிச்சுகளை லிப்மன், சாக்ஸ் என்னும் இரு டாக்டர்கள் 1924-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார்கள். ஸ்கிளீரோடெர்மாவில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் குறுகி, இருதயத்தின் வலப்பக்கத்திற்குச் சுமை கூடுகிறது. எல்லாவற்றினும் மெதுவானது, ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியால் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு விரைவில் சேர்வதாகும்.

இருதயச் செயலிழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் அம்மா அழத் தொடங்கிவிட்டார். இருதயம் நின்றுபோயிற்று என்று அதற்குப் பொருளன்று. மாரடைப்பும் அன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்த இருதயம் திணறுகிறது, அதனால் நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது என்பதே பொருள். இதிலும் இருவகை. சிலருக்கு இருதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும் வலு குறைகிறது. வேறு சிலருக்குத் தள்ளும் வலு குறையாது. ஆனால் தசை விறைத்து, விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் தன்மை குறைகிறது. அக்காளுக்கு இரண்டாவது வகை. முடக்குவாதக்காரர்களிடம் இவ்வகை அதிகம் காணப்படுகிறது என்றார் டாக்டரம்மாள்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ரோசெஸ்டர் என்றோர் ஊர். அந்த வட்டாரத்து மக்களின் வைத்தியக் குறிப்புகள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. ஏடுகளைப் பாதுகாப்பதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இதைப் படித்தபோது ஒரு தனி மகிழ்ச்சி. அக்குறிப்புகளைக் கொண்டு 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், முடக்குவாதக்காரர்களுக்கு இருதயச் செயலிழப்பு வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். 2008-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் கவலை தருவது. இருதயச் செயலிழப்பு கண்டபின் ஓராண்டுக்குள் இறந்தவர்கள், முடக்குவாதம் உள்ளோரில் நூற்றுக்கு 35 பேர். அது இல்லாதோரில் நூற்றுக்கு 19 பேர். முதல் முப்பது நாட்களிலேயே இந்த வித்தியாசம் தெரியத் தொடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் முடக்குவாதக்காரர்களிடம் இருதய நோயின் வழக்கமான அறிகுறிகள் குறைவாகவே தென்பட்டன; எக்கோ சோதனை செய்யப்பட்டவர்களும் அவர்களிடையே குறைவு.

அறிகுறி குறைவாகத் தெரிவானேன்? அக்காளையே உதாரணமாகக் கொள்ளலாம். மற்றவர்கள் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதை வைத்து நோயை உணர்கிறார்கள். முழங்கால் வலிக்காரி மாடியே ஏறுவதில்லை. ஆகவே மூச்சு வாங்குவது தெரிவதில்லை. கால் வீக்கத்தை மூட்டின்மேல் போட்டுவிடுகிறோம். களைப்பை இரத்தசோகையின்மேல் போடுகிறோம். நோய் வெளிப்படையாகத் தெரியும்போது நாட்கள் பல கடந்துவிடுகின்றன. மருத்துவமனைக்குள் வந்த பிறகும் இடர்ப்பாடுகள் உண்டு. லூபஸ் நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கும். அப்போது நீரை வெளியேற்றும் மருந்தை மிகக் கவனமாக அளவிடவேண்டியிருக்கிறது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைச் சாப்பிடுவோருக்கு நோய்த்தொற்று எளிதில் பற்றும். ஸ்டிராய்டு சாப்பிடுவோருக்கோ, நிமோனியா வந்தால்கூடக் காய்ச்சல் சரியாகக் காட்டாது. மூச்சுத்திணறல் இருதயத்தாலா, நுரையீரலாலா, தொற்றினாலா என்று பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினமாம்.

இனி, அந்த பிஸ்கட் டப்பாவின் கதைக்கு வருகிறேன். டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைக்கின்றன. சிறுநீரகத்தையும் சோர்வடையச் செய்கின்றன. தளர்ந்த இருதயம் உள்ளவர்களுக்கு இவை ஆகாதென்று இருதய வைத்தியர்கள் தெளிவாக விதித்திருக்கிறார்கள். அதாவது ஒரு டாக்டர் நீரை வெளியேற்ற மாத்திரை கொடுக்க, முனைக்கடை மாத்திரை அதே நீரைத் திரும்ப உள்ளே வைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பிரிவு ஒரே சரக்கை வரவு வைக்க, மற்றொரு பிரிவு அதையே பற்று எழுதினால் மாதக் கடைசியில் எப்படிக் கணக்கு உதைக்குமோ, அப்படி.

ஸ்டிராய்டும் உப்பைத் தங்கவைப்பதே. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றுவது. அப்படியானால் அதனை உடனே தூக்கி எறிந்துவிடலாமே என்று நான் கேட்டேன். கூடவே கூடாது என்றார் டாக்டரம்மாள். நெடுநாள் ஸ்டிராய்டு சாப்பிட்டவர்களின் உடல், தான் சுயமாகச் சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்துக்கொண்டுவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால், அதிலும் நோய்வாய்ப்பட்டிருக்கும் நேரத்தில் நிறுத்தினால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவேதான், நோயாளி ஸ்டிராய்டு சாப்பிட்டுவந்தார் என்பதை மருத்துவமனையில் முதற்காரியமாகச் சொல்லவேண்டும். பெயரில்லாச் சூரணங்களில் ஸ்டிராய்டு கலந்து விற்பதும் உண்டாகையால் அதையும் மறைக்கலாகாது. அந்தப் பொட்டலத்தைப் பற்றி அக்காள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. முன்னூறு ரூபாய் கொடுத்து வாங்கியதை அத்தானிடம் சொல்லியிருக்கவில்லையாம்!

ஸ்டிராய்டை வெறும் வில்லனாக்கிவிடுவதும் நியாயமன்று. மேற்சொன்ன அதே ரோசெஸ்டர் நகரில்தான், 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பிலிப் ஹென்ச் என்னும் டாக்டர் முடக்குவாதத்தால் படுக்கையிலிருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். 1950-இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அக்காலத்தில் லூபஸ் கண்டவர்களின் கதி பரிதாபமானது. 1955-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குப்பின் ஏறத்தாழப் பாதிப்பேரே உயிரோடிருந்தனர். இன்றோ, நல்ல வைத்தியம் கிடைக்குமிடங்களில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

பிழைத்து வாழ்ந்ததனாலேயே வேறொன்று வெளிப்பட்டது. 1976-இல் கனடாவின் டொராண்டோ நகர டாக்டர்கள், லூபஸ் நோயாளிகள் முதலாண்டுகளில் இறந்தால் நோயின் தீவிரத்தாலும் தொற்றாலும் இறக்கிறார்கள், பல்லாண்டு கழித்து இறப்பவர்கள் இருதய நோயால் இறக்கிறார்கள் என்று எழுதினர். 1997-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த கணக்கோ திடுக்கிட வைப்பது: 35 முதல் 44 வயதுவரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அவ்வயதுப் பிற பெண்களைவிட ஐம்பது மடங்குக்கும் மேல். நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பா என்று அசட்டை செய்யும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்திலும் ஆண்களைப்போல் இரண்டு மூன்று பங்கு பெண்கள். இவர்கள்தாம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் சாப்பிடுகிறவர்கள்; தங்கள் மாத்திரைச் செலவை மளிகைக் கணக்கில் மறைக்கிறவர்கள்.

எனவே மூட்டு நோயைச் சரியான மருந்தால் அடக்கி வைப்பது இருதயத்தையும் காப்பதாகும். மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு சொல். மூட்டு நோய்க்கு அதனை வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே சாப்பிடவேண்டும். தினந்தோறும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு உயிருக்கு ஆபத்து விளைந்ததுண்டு. மருந்துச்சீட்டு நமக்குத் தெரியாத மொழியில் இருக்கும்போது இந்த அபாயம் இரட்டிப்பு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்பது லூபஸ்காரர்களுக்கு அன்றாட மருந்து. 2020-இல் கொரோனாவுக்கு அது நல்லதென்ற பேச்சுப் பரவி, மார்ச்சு மாதம் அரசாங்கம் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. வேண்டாதவர்கள் வாங்கிக் குவிக்க, வேண்டியவர்கள் கடை கடையாக அலைந்தனர். கண் பரிசோதனை ஆண்டுதோறும் செய்துகொண்டு பல்லாண்டு சாப்பிடக்கூடிய மருந்து அது.

அக்காள் மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தாள். தினமும் காலையில் எடை பார்த்தார்கள். சிறுநீரை அளந்து எழுதினார்கள். முதல் நான்கு நாட்களில் ஆறு கிலோ எடை குறைந்தது, அத்தனையும் நீர். மூட்டு வைத்தியரும் இருதய வைத்தியரும் ஒரே சீட்டில் கையெழுத்திடும்படி டாக்டரம்மாள் செய்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் நாட்டில் மூட்டு நோய்க்கென்றே படித்த நிபுணர்கள் குறைவு. இருக்கும் இடம் தேடிப் போகவேண்டியிருக்கிறது. போகும்போது மருத்துவமனை கொடுத்த சுருக்கக் குறிப்பு, எக்கோ அறிக்கை, மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோக வேண்டும். அந்தப் பையைப் பெட்டிக்குள் பூட்டி இருக்கைக்கடியில் தள்ளாதீர்கள். முப்பது மணி நேர ரயில் பயணத்தில் அது கைக்கெட்டும் இடத்தில் இருப்பது அவசியம் என்பதை ரயில்வேக்காரனாகச் சொல்கிறேன்.

வீடு திரும்பியபின் பெரிய போராட்டம் உப்போடுதான். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு பார்சலிலும் மாவடு, நார்த்தங்காய், மோர்மிளகாய், அப்பளம். அன்பின் அடையாளங்கள் எல்லாம் உப்பிலேயே ஊறி வருகின்றன. இனி அனுப்பவேண்டாம் என்று அம்மா சித்திக்குத் தொலைபேசியில் சொன்னதில் சித்திக்கு வருத்தம். இரண்டு வாரம் பேச்சில்லை. பின்னர் அவரே கருவேப்பிலைப் பொடியை உப்பில்லாமல் அரைத்து அனுப்பிவைத்தார்.

மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்குமேல் எடை ஏறினால் காத்திராமல் டாக்டரிடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஓர் எடை பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறோம். எனக்கு அலுவலகத்தில் கிடைத்த டயரியில் அக்காள் தினமும் காலையில், விரல் மடங்காத கையாலேயே, எடையை எழுதுகிறாள். ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டுமென்பது அவள் உத்தரவு. சென்ற ஞாயிற்றுக்கிழமை 57 கிலோ 300 கிராம். மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட நாளுக்கு நேரே ஒரு சிறு நட்சத்திரம் போட்டிருக்கிறாள். நான் கையெழுத்திட்டபின், "மாடிவரை ஏறிப்போய் வடகம் காயவைத்துவிட்டு வந்தேன்" என்றாள். வடகத்தில் உப்பு எவ்வளவு என்று கேட்டேன். அது பக்கத்து வீட்டுத் தம்பிக்காம்.